எல்லோர் கைக்கும் அடித்த மணி

அந்த ஆலையில் அவளை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நோண்டி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். வயதில் சின்னவர்களுக்கு நோண்டி அக்கா. மேனேஜர் மட்டும் மரியாதை கெட்டுவிடக் கூடாதென்று நோண்டி மேடம் என்பார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிடும். பெயர் வைத்தது பெற்ற அப்பாதான். ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினால் உள்ளே விளக்கு அணைகிறதா, இல்லை நம்மை ஏமாற்றிவிட்டு எரிந்துகொண்டேதான் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கதவு ரப்பரைக் கத்தியால் அறுத்து ஓட்டை போட்ட மகளை வேறு என்னவென்று கூப்பிடுவார், பாவம்?

கல்யாணமாகியும் அந்தப் புத்தி போகவில்லை. கடையிலிருந்து எந்தச் சாமான் வந்தாலும் முதலில் அதன் திருகாணியைக் கழற்றிப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். கணவர் தையல்காரர், பொறுமைசாலி. சுவர்க் கடிகாரம், இஸ்திரிப் பெட்டி, அழைப்பு மணி எல்லாவற்றையும் அவள் கையில் விட்டுக் கொடுத்துவிட்டார். தையல் மிஷினுக்கு மட்டும் பூட்டுப் போட்டு வைத்திருந்தார். சாவி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அப்படியே காலம் ஓடியது.

ஆலையில் அவளுக்கு இருந்த வேலை, அவளுக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தது போன்ற வேலை. அங்கே செய்வது சின்னச் சின்ன டிஜிட்டல் சாமான்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் ஆளைக் கூப்பிடுவதற்கான மணி அவற்றில் ஒன்று. தீப்பெட்டி அளவுள்ள பட்டன் பெட்டி நோயாளியின் கையில் இருக்கும். அழுத்தினால், கம்பி ஏதுமில்லாமல், அடுத்த அறையிலோ அடுத்த வீட்டிலோ இருக்கும் பெட்டி அடிக்கும். புதுச் சாமான் எது வந்தாலும் அதைச் சோதிப்பதற்கு என்னென்ன கருவிகள் வேண்டும், எதை எதோடு இணைக்க வேண்டும், எது வந்தால் பாஸ், எது வந்தால் ஃபெயில் என்று சோதனை மேசையை அமைத்துக் கொடுப்பது நோண்டிதான். அவள் மேசையில் ஏறி இறங்காமல் ஒரு சாமானும் வெளியே போகாது.

காலையில் வந்ததும் கருவிகளுக்கு சுவிட்ச் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். உடனே அளக்க மாட்டாள். கேட்டால், “அதுக்கும் தூக்கம் கலைய வேண்டாமா?” என்பாள். உண்மையும் அதுதான், கருவி சூடாகி நிலைக்கு வராமல் அளந்தால் அளவு தள்ளாடும். பிறகு ஸ்கோப்பின் முன் உட்காருவாள். கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டுகிற கருவி அது. அதன் ஊசியைப் பிடித்து, பக்கத்தில் இருக்கிற குட்டித் திருகாணியைத் திருகித் திருகி, திரையில் வருகிற சதுரத்தின் மூலை சரிந்தும் போகாமல் துருத்திக்கொண்டும் நிற்காமல் வெட்டினாற்போல் வரும்வரை விடமாட்டாள். அதற்குப் பிறகுதான் சாமானைத் தொடுவாள். முதலில் ஸ்கோப்பின் கறுப்புக் கிளிப், அப்புறம்தான் ஊசி.

மணிக்கான மேசையை அமைத்தபோது ஒரு தொல்லை வந்தது. திரையில் கோடு நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் மண்டையைக் குடைந்துவிட்டு, மின்சாரம் கொடுக்கிற பெட்டியின் கறுப்பு முனையை ஒரு செப்புப் பட்டையால் சுவரின் எர்த்தோடு சேர்த்துப் போட்டாள். கோடு கப்பென்று நின்றுவிட்டது. அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! போகிற வருகிறவர்களையெல்லாம் இழுத்துவந்து காட்டினாள்.

அந்த மேசைக்கு முன்னால்தான் ஒருநாள் காலையில் பஸ் டிரைவர் வந்து நின்றார்.

காக்கிச் சட்டை, கையில் ஒரு பை. பைக்குள் பட்டன் பெட்டியும் அதன் மணியும். கீழே கவுண்டரில் உள்ளவர்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் மேலே ஏறி வந்திருந்தார்.

“மேடம், மூணாவது தடவையா வர்றேன். கொண்டுவந்து குடுத்தா, பாஸ்னு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிக் குடுக்கிறாங்க. ஒட்டுறது நீங்கதானாமே?”

“ஆமாண்ணே. ரெண்டு தடவையும் நான்தான் பார்த்தேன். சாமான் நல்லாத்தான் இருக்கு.”

சண்டைக்கு வருவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை. பையை மேசைமேல் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“இது நல்லா இருக்குன்னா, என் வீட்டுக்காரி அழுத்தலைன்னுதானே அர்த்தம்? அதை மட்டும் சொல்லிடுங்க, போயிடறேன்.”

இது என்ன கேள்வி என்று அவள் விழித்தாள். டிரைவர் சொல்லச் சொல்லத்தான் விஷயம் புரிந்தது. மனைவிக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது, வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கையில் ஏதோ கொஞ்சம் உயிர் இருக்கிறது. இருந்த லீவையெல்லாம் போட்டுக் கூடவே இருந்துவிட்டு, இந்த மணியை வாங்கி, பட்டனை மனைவி கையிலும் மணியைப் பக்கத்து வீட்டில் இருக்கும் தன் தங்கை சமையலறையிலும் வைத்துவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால், மனைவி கட்டிலிலிருந்து விழுந்து தரையில் கிடந்தாள். பட்டன் கையில்தான் இருந்தது. தங்கை பகல் முழுக்க அடுப்படியில்தான் இருந்திருக்கிறாள். மணி ஒருதரம்கூட அடிக்கவில்லை என்றாள்.

“நான் அழுத்தினா அடிக்குது மேடம். தங்கச்சி அழுத்தினா அடிக்குது. எதிர்வீட்டுக்காரங்க, கீழே கவுண்டர்ல இருக்கிறவங்க, யார் அழுத்தினாலும் அடிக்குது. அவ கையில குடுத்தா மட்டும் அடிக்கல. நான் வேலைக்குப் போகக் கூடாதுன்னு வேணும்னே அழுத்தாம இருக்கான்னு தங்கச்சி சொல்றா. அன்னிக்குக் கோபத்துல நானும் கத்திட்டேன், ஒரு பட்டனை அழுத்த உனக்கு என்ன கேடுன்னு. வர்ற திங்கட்கிழமை ஒரு காப்பகத்துல கொண்டுபோய் விடறதா ஏற்பாடு. மிஷின் மேல தப்புன்னா கூட்டிட்டுப் போக மாட்டேன். இல்லைன்னா, வேற வழியில்லை.”

நோண்டிக்குப் பகீர் என்றது. அவள் ஒட்டுகிற ஸ்டிக்கர் அட்டைப்பெட்டிக்குத்தான் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாள். பேச முடியாத ஒருத்தியின் நெற்றியிலா அது போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

ஆனால், சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பதற்றத்திலும் அவளுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. எல்லோர் கைக்கும் அடிக்கிற மணி ஒரே ஒரு கைக்கு மட்டும் அடிக்காதா! மணிக்கு ஆள் அடையாளம் தெரியுமா என்ன? இது என்ன கூத்து?

“அண்ணே, இது ரெண்டும் இங்கேயே இருக்கட்டும். சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்றேன். அவங்க கையை நான் பார்க்கணும்.”

சொன்னபடியே போனாள். மாடிப்படி ஏறியதும் ஒரு அறை, ஜன்னலோரம் கட்டில். விரிப்பு சுத்தமாக இருந்தது, தலை வாரிவிட்டிருந்தது. செய்தது டிரைவரின் தங்கைதான். அவள் கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தன் வீட்டு வேலையையும் பார்த்து, அண்ணியைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, இடுப்பு ஒடிந்துபோன மனுஷி. அப்படி உழைப்பவளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அதை யார் பிடுங்குவது?

“அக்கா, நான் மணி செய்யிற இடத்துல இருந்து வர்றேன்,” என்றாள் நோண்டி.

மணி என்ற சொல்லைக் கேட்டதும் கட்டிலில் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரே மூடாக மூடிக்கொண்டாள்.

“பார்த்தீங்களா? இதான். பிடிவாதம்,” என்றாள் தங்கை.

நோண்டி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அந்த இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எதையும் கையில் எடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு. கட்டைவிரல் நுனியில் தோல் காய்ப்புக் காய்த்திருந்தது. நகத்தின் ஓரம் கன்றிக் கறுத்திருந்தது. ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருக்கிற கையில் காய்ப்பு எப்படி வரும்? மற்ற விரல்களெல்லாம் பூப்போல இருந்தன.

தன் ஆள்காட்டி விரலை அந்தக் கட்டைவிரலுக்குக் கீழே வைத்தாள்.

“மணி வேணாம்க்கா. என் விரலை அழுத்துங்க. உங்களால முடிஞ்ச மட்டும்.”

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கண் திறந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. கழுத்து இறுகியது. அவ்வளவு பாடுபட்டு விரலில் வந்து சேர்ந்த கனம் ஒரு ஈ வந்து உட்கார்ந்த கனம்தான்.

அந்தக் கனத்தை மறந்துவிடக் கூடாதென்று நோண்டி வழி முழுவதும் தன் விரலையே அழுத்திக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, இப்ப அழுத்தறேன், தெரியுதா?”

“தெரியல.”

“இப்ப?”

“லேசா. ஏம்மா, இத்தனை வருஷத்துல ஒருநாள் என் கையை ஆசையாப் பிடிச்சிருக்கேன்னு சந்தோஷப்பட்டேன். இதுவும் டெஸ்ட்டிங்தானா?”

“பேசாம இருங்க, கணக்கு தப்பிடும்.”

மறுநாள் காலை கருவிகளுக்கு சுவிட்ச் போட்டாள். டீயை மறந்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கருவிகள் நிலைக்கு வந்ததும் பட்டன் பெட்டியைப் பிரித்து உள்ளே இருந்த, சர்க்யூட் பதித்த பச்சைத் தகட்டை மேசையில் வைத்தாள். கறுப்புக் கிளிப், ஊசி. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஈ உட்காருகிற மாதிரி பட்டனைத் தொட்டாள்.

திரையில் படிக்கட்டு படிக்கட்டாகக் கோடு ஏறி இறங்கியது. சரியான உயரம், சரியான அகலம். கூடவே மணியும் அடித்தது. பாஸ்.

மறுபடி தொட்டாள். பாஸ். இன்னும் மெதுவாக. அதுவும் பாஸ்!

அப்படியென்றால் அந்தத் தங்கை சொன்னதுதான் சரியா? மெதுவாக அழுத்தினாலும் அடிக்கிறதே! ஒரு நிமிடம் அவளே அந்தக் கட்டிலில் கிடந்தவளைச் சந்தேகப்பட்டாள் என்பதுதான் உண்மை. அப்புறம் அந்தக் காய்ப்பு நினைவுக்கு வந்தது. விரலில் காய்ப்பு சும்மா வராது. விரல் பொய் சொல்லவில்லை என்றால் இங்கே இருக்கிற வேறு ஏதோ ஒன்றுதான் பொய் சொல்கிறது. சாமானைப் பார்த்தாயிற்று. மனுஷியைப் பார்த்தாயிற்று. பார்க்காமல் மிச்சம் இருப்பது என்ன?

அவள் தன் மேசையைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுகிற மாதிரிதான் இருந்தது.

அந்த வீட்டில் என்ன இல்லை, இங்கே என்ன இருக்கிறது? ஸ்கோப் அங்கே இல்லை. கறுப்புக் கிளிப் அங்கே இல்லை. மின்சாரப் பெட்டியும் இல்லை. அங்கே பட்டன் அளவு பேட்டரி ஒன்றுதான். சோதனைக்குப் பேட்டரி போட்டால் வீணாகிறது என்று மேசையில் எப்போதும் பெட்டியிலிருந்துதான் மின்சாரம். பேட்டரி போடுவது கடைசியில், பேக்கிங்கில். அவர்களும் ஒருதரம் அழுத்திப் பார்ப்பார்கள்தான். எப்படி அழுத்துவார்கள்? நாள் முழுக்க அட்டைப்பெட்டி மடிக்கிற கட்டைவிரலால், நறுக்கென்று.

மின்சாரப் பெட்டியின் கம்பிகளைக் கழற்றிவிட்டுத் தகட்டில் பேட்டரியைப் போட்டாள். ஈ உட்கார்ந்தது.

திரையில் கோடு அசையவே இல்லை. மணியும் அடிக்கவில்லை.

“அடி சக்கை!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள். நறுக்கென்று அழுத்தினாள்; அடித்தது. மெதுவாக, செத்துக் கிடந்தது. மறுபடி மின்சாரப் பெட்டியைச் சேர்த்தாள். எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் அடித்தது. இப்போது அவளுக்கு ஊர் உலகமே மறந்துவிட்டது. ஒவ்வொன்றாகக் கழற்றினாள், ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். கடைசியில், கோடு நடுங்கக் கூடாதென்று அவள் கையாலேயே போட்ட அந்தச் செப்புப் பட்டையைக் கழற்றினாள். மெதுவாகத் தொட்டாள். அடிக்கவில்லை.

தகட்டைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, தேடிக்கொண்டே போனாள். ஓரத்தில், பேட்டரியிலிருந்து வருகிற கறுப்புப் பாதையின் குறுக்கே, மயிரிழை போல ஒரு விரிசல். பெரிய பலகையாக வருகிற தகடுகளைக் கையால் ஒடித்துத்தான் தனித்தனியாகப் பிரிப்பார்கள். ஒடிக்கும்போது விரிசல் விட்டிருக்கிறது. பட்டனைப் பலமாக அழுத்தினால் தகடு வளைந்து விரிசல் மூடிக்கொள்ளும், மின்சாரம் ஓடும். மெதுவாக அழுத்தினால் பாதை அறுந்தது அறுந்ததுதான். ஆனால் இந்த மேசையில் விரிசலுக்கு அந்தப் பக்கம் ஸ்கோப்பின் கறுப்புக் கிளிப், இந்தப் பக்கம் மின்சாரப் பெட்டியின் கறுப்புக் கம்பி. இரண்டும் சுவரின் எர்த்தில் போய்ச் சேருகின்றன. தகட்டில் வழி அறுந்துபோன மின்சாரம், அழகாகச் சுவர்வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது! சோதிக்கப் போன கம்பியே கைகொடுத்துத் தூக்கிவிட்டு, பாஸ் மார்க்கும் போட்டிருக்கிறது.

எவ்வளவு அழகான விஷயம் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. அவள் பிறவி அப்படி. கண்டுபிடித்த சந்தோஷத்தில் முகமெல்லாம் சிரிப்பு. அது அடங்கிய பிறகுதான், பாஸ் போட்டு அனுப்பிய மற்ற மணிகள் நினைவுக்கு வந்தன. நேராக மேனேஜரிடம் போனாள்.

“சார், மணியில கோளாறு இருக்கு. அதை மறைச்சது என் மேசை. நான் போட்ட பட்டை.”

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அவரும் இந்தத் தொழிலில் ஊறினவர்தான். விளக்கம் பாதியில் இருக்கும்போதே புரிந்துகொண்டார்.

“நானும்தான் வந்து பார்த்தேனே மேடம், கோடு என்னமா நிக்குதுன்னு சொல்லிட்டுப் போனேனே,” என்றார். பிறகு, “இதுவரைக்கும் பாஸ் ஆனதெல்லாம்?” என்று கேட்டார்.

“எதுல விரிசல் இருக்கோ தெரியாது சார். எல்லாத்தையும் திரும்பக் கூப்பிடணும். பலமா அழுத்த முடிஞ்சவங்க யாரும் இந்த மணியை வாங்கறதில்லையே.”

அவர் போனை எடுத்தார்.

விரிசல் இல்லாத ஒரு தகட்டைத் தேடி எடுத்து, பேட்டரி போட்டு, ஒரு கம்பியும் தொடாமல், ஈ உட்காருகிற கனத்தில் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் நோண்டி கிளம்பினாள். டிரைவர் வீட்டில் ஒரு பை மூட்டை கட்டி வாசலோரம் வைத்திருந்தது. துணிமணிகள், மருந்து, ஒரு சீப்பு. திங்கட்கிழமைக்கான பை.

அவள் சுற்றி வளைக்கவில்லை. “அண்ணே, அவங்க அழுத்தியிருக்காங்க. நாங்க குடுத்த சாமான்தான் அடிக்கல. என் மேசைதான் தப்பாச் சொல்லிச்சு. என்னை என்ன வேணா திட்டுங்க.”

டிரைவர் திட்டவில்லை. உட்காரவும் இல்லை. கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். தங்கை மணிப்பெட்டியை வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

நோண்டி புதிய பட்டனை அந்த இடது கைக்குள் வைத்தாள். “இப்ப அழுத்துங்கக்கா. சும்மா தொட்டாப் போதும்.”

கட்டிலில் இருந்தவள் பட்டனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். விரல் அசையவில்லை.

“அன்னிக்கு...” என்று டிரைவர் கட்டிலுக்குக் கிட்டே வந்தார். “அன்னிக்குக் கீழே விழுந்து கிடந்தியே, அப்ப அழுத்தினியாம்மா?”

கட்டைவிரல் இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

தங்கை ஓடி வந்தாள். கையெல்லாம் ஈரம். “என்ன அண்ணி, என்ன வேணும்?” என்று கேட்டுக்கொண்டே வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள். மணி மறுபடி அடித்தது. மறுபடி. டிரைவர் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“இங்கதாம்மா இருக்கேன். இங்கதான் இருக்கேன்.”

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே அழுத்தினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. விடவில்லை, அழுத்திக்கொண்டே இருந்தாள். நோண்டியும் அழுதுவிட்டாள். பக்கத்து வீட்டு மணி அடித்துக்கொண்டே இருந்தது. போதும் என்று யாரும் சொல்லவில்லை.